கேட்கும் உறுப்பினர்கள்

ஜெர்மனியில், எல்ஸ்டர்ரோடெ ஊரின் ஆண்கள் பாடகர் சங்கத்தில் போருக்கு முன்பு முப்பது பேர் பாடினார்கள். போர் முடிந்தபோது ஆல்வின் ஹார்டிக் ஒருவர்தான் மிஞ்சினார். அவருக்கு ஒரு கால் சற்றுக் குட்டை. அதனால் படையில் எடுக்கவில்லை. மற்றவர்களின் கால்கள் சரியாக இருந்தன.

ஆல்வின் முடிதிருத்துபவர். சந்தைச் சதுக்கத்தில் கடை. சங்கத்தில் அவர் முதல் குரல், அதாவது மேல் ஸ்தாயியில் பாடுபவர். மூத்த மகன் ஹெர்பெர்ட்டும் முதல் குரல்தான். அவன் பிரான்ஸில் எங்கோ ஒரு வயலில் கிடக்கிறான். இளையவன் ஈவால்டுக்குப் பத்தொன்பது வயது ஆகியிருந்தது.

"இன்னொரு தடவை இந்த வீட்டிலேருந்து யாரும் துப்பாக்கி தூக்கிட்டுப் போகக் கூடாது. சொல்லு ஆல்வின்" என்றாள் மனைவி இர்மா.

"போக மாட்டாங்க."

"சொன்னா போதாது. பார்த்துக்கணும்."

"பார்த்துக்கறேன்."

போர் முடிந்து மூன்றாம் வருட இலையுதிர் காலத்தில்தான் ஓய்வுபெற்ற மேஜர் ஃபான் ரோக்கன் ஊருக்கு வந்து, பாடகர் சங்கத்துக்கு மறுபடி உயிர் கொடுக்கப்போவதாக அறிவித்தார். புதிய சங்கம் ஒன்றைத் தொடங்கினால் போரில் வென்ற நேச நாடுகளின் ஆயுதக் கண்காணிப்புக் குழு கேள்வி கேட்கும். பழைய சங்கத்தை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். 'கறுப்பு எருது' விடுதியின் நடனக் கூடத்தில் சங்கத்தின் கொடியும், கண்ணாடிச் சட்டமிட்ட விதிமுறைகளும் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. மேஜர் விதிமுறைகளை முழுதாக வாசிக்கவில்லை. சட்டமிட்டு மாட்டியிருந்ததால் மதித்தார்.

ஒரே மாதத்தில் இருநூற்று நாற்பது பேர் சேர்ந்தார்கள். ஊரில் இத்தனை தொண்டைகள் இருந்தது ஆல்வினுக்குத் தெரியாது. அவர் கண்ணில் நீர் வந்தது. ஈவால்டைத் தானே கூட்டிப் போய்ச் சேர்த்தார்.

"பாடறவனை யாரும் போருக்குக் கூப்பிட மாட்டாங்க. இதைவிடப் பத்திரமான இடம் கிடையாது" என்றார் இர்மாவிடம்.

தொடக்க விழாவில் மேஜர் பேசினார்.

"வெர்சாயில் நம் கையைப் பிடித்துக் கையெழுத்து வாங்கினார்கள். ஒரு லட்சம் பேருக்கு மேல் படை கூடாது என்றார்கள். பீரங்கி கூடாது, விமானம் கூடாது, சங்கங்களில் போர்ப் பயிற்சி கூடாது என்றார்கள். நானூற்றுச் சொச்சம் பிரிவுகளையும் நான் வாசித்தேன். கீழ்க்குரல் பாடுபவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நாம் அமைதியை எவ்வளவு நேசிக்கிறோம் என்பதை உலகம் பார்க்கட்டும். அந்த அமைதிக்காக நாம் எத்தனை பேரை வேண்டுமானாலும்..."

இங்கே நிறுத்தித் தண்ணீர் குடித்தார்.

"...மகிழ்விப்போம்."

ஆல்வின் எழுந்து நின்று கைதட்டினார்.

முதல் பயிற்சி காட்டில் நடந்தது. பயிற்றுநர் ஷ்னாபெல் முன்பு காலாட்படையில் சார்ஜென்ட். பாடுவதற்கு நுரையீரல்தான் அடிப்படை என்று அவர் விளக்கினார். நுரையீரல் வலுவாக வேண்டுமானால் முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு மேட்டில் ஓட வேண்டும். ஓடி முடித்ததும் வயிற்றால் தவழ வேண்டும். மூச்சை அடக்கும் பழக்கம் அப்படித்தான் வரும். ஆல்வின் தவழ்ந்தார். நாற்பது வருடமாகத் தப்பாகவே மூச்சுவிட்டிருக்கிறோமோ என்று அவருக்குத் தோன்றியது.

பாதியில் வனக்காவலர் வந்து நிறுத்தினார். பில்பெர்ரி என்ற காட்டுப்பழம் விளையும் பகுதிக்குள் அனுமதி இல்லாமல் யாரும் தவழக் கூடாது. மேஜர் வெட்கப்பட்டார். தொப்பியைக் கழற்றி மன்னிப்புக் கேட்டார். எல்லோரும் எழுந்து, செடிகளை மிதிக்காமல் வரிசையாக வெளியே வந்து, சாலையில் படுத்து மிச்சத்தைத் தவழ்ந்தார்கள்.

"பாட்டு எப்போ சார்ஜென்ட்?" என்று கேட்டார் ஆல்வின்.

"பாட்டு வரும் மாஸ்டர். முதல்ல முதல் குரல் ஓடணும். அது ஓடறப்போ ரெண்டாம் குரல் தலையைக் குனிய வைக்கும்."

"யார் தலையை?"

"கேக்கறவங்க தலையை."

கீழ்க்குரல்காரர்கள் குதிரைகளைக் கட்டி, தார்ப்பாய் போர்த்திய ஏதோ ஒன்றை இழுத்துக்கொண்டு பின்னால் வந்தார்கள். கீழ்க்குரல் எப்போதுமே கொஞ்சம் தாமதமாகத்தான் வரும் என்பது ஆல்வினின் அனுபவம். அதனால் அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

குளிர்காலம் முழுவதும் இப்படியே போயிற்று. ஒரு பாட்டும் பாடவில்லை. நடனக் கூடத்துக்கு ஐந்து பியானோக்கள் வந்து இறங்கின. ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்திலிருந்து திரும்பும் வழியில், ஆல்வின் உள்ளே போனார். தனியாக ஒரு பாட்டாவது பாடிப் பார்க்க ஆசை. சுருதி எடுக்க ஒரு பியானோவின் மூடியைத் தொட்டார்.

"அதைத் தொடாதீங்க மாஸ்டர்" என்றார் ஷ்னாபெல். அவர் மூலையில் உட்கார்ந்து ரொட்டியும் பன்றிக்கொழுப்பும் தின்றுகொண்டிருந்தார்.

"ஒரே ஒரு ஸ்வரம் எடுத்துக்கறேன்."

"அதுல ஒரே ஸ்வரம்தான் இருக்கு. ரொம்பச் சத்தமா வரும்."

ஆல்வின் மூடியைத் தூக்கினார். எண்ணெய் வாடை அடித்தது. கட்டைகள் இருக்க வேண்டிய இடத்தில், எண்ணெய்த் துணியில் சுற்றிய துப்பாக்கிகள் வரிசையாகப் படுத்திருந்தன.

அவர் மூடியை மெதுவாக மூடினார். பியானோவை அப்படித்தான் மூட வேண்டும்.

வீட்டில் ஈவால்ட் பூட்ஸுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தான்.

"உனக்குத் தெரியுமா?"

"என்னது?"

"பியானோவுக்குள்ள இருக்கிறது."

ஈவால்ட் தகப்பனைப் பார்த்தான். அவன் முகத்தில் இரக்கம் தெரிந்தது. "அப்பா, ஊருக்கே தெரியும். நீங்க நிஜமாவே பாடத்தான் சேர்ந்தீங்களா?"

ஆல்வின் யோசித்தார். யாரிடம் சொல்வது? ஊர்க் காவல் தலைவர் இரண்டாம் குரல். பாதிரியார் கீழ்க்குரல். மேயர் கௌரவத் தலைவர். கண்காணிப்புக் குழுவிடம் சொல்லலாம். பக்கத்து ஊரில் ஒருவர் அப்படிச் சொன்னார். அவர் கால்வாயில் கிடைத்தார். நீதிமன்றம் விரிவாக விசாரித்து, இறந்தவர் தேசத்துரோகி என்று கண்டுபிடித்தது. கொன்றவர் யார் என்று கண்டுபிடிக்க அதற்குப் பிறகு நேரம் இருக்கவில்லை.

மறுநாள் மேஜர் சவரத்துக்கு வந்தார். ஆல்வின் நுரை பூசினார்.

"மேஜர் ஐயா, என் பையனைச் சங்கத்திலேருந்து விலக்கிக்கலாம்னு இருக்கேன்."

"முடியாதே மாஸ்டர். விதிப்படி வருடக் கடைசியிலதான் விலகலாம்."

"வருடக் கடைசிக்கு முன்னாடி?"

"முன்னாடி கோடையில கிழக்கு எல்லைக்குப் பாட்டுப் பயணம் இருக்கு. உங்க பையன் முன்வரிசை."

"அங்கே யார் கேக்கப்போறாங்க?"

"போலந்துக்காரங்க."

"அவங்க கூப்பிட்டாங்களா?"

"இல்ல. திடீர்க் கச்சேரி."

ஆல்வின் கத்தியைத் தோல்வாரில் தீட்டினார். தேவைக்கு மேலேயே தீட்டினார்.

"மேஜர் ஐயா, ஒரு சந்தேகம். வெர்சாய் உடன்படிக்கையில இதெல்லாம் கூடாதுன்னு இருக்கு. அதை மீறலாம். சங்க விதியை மட்டும் மீறக் கூடாதா?"

மேஜர் நுரைக்குள்ளிருந்து அவரைப் பார்த்தார். கேள்வி அவருக்கு உண்மையாகவே புரியவில்லை.

"மாஸ்டர், அதுல நாம வெறும் கையெழுத்துத்தான் போட்டோம். இது நாமளே எழுதினது."

ஆல்வின் அன்று கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டுக் கறுப்பு எருதுக்குப் போனார். ஒரு குவளை பீர் வாங்கிக்கொண்டு, சட்டமிட்ட விதிமுறைகளின் கீழே உட்கார்ந்தார். அவற்றை எழுதியவர்களில் ஒருவர் அவருடைய மாமனார். கொடியில் வெள்ளி யாழைப் பூவேலை செய்தவள் இர்மா. விதிகள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆனாலும் எழுந்து நின்று ஒருமுறை வாசித்துக்கொண்டார்.

பொதுக்குழு வசந்த காலத்தில் கூடியது. கடைசியாக, 'இதர விஷயங்கள்' என்று மேஜர் அறிவித்தார். வழக்கமாக அந்த இடத்தில் யாராவது பீரின் தரத்தைப் பற்றிப் பேசுவார்கள். ஆல்வின் கையைத் தூக்கினார்.

"விதி ஏழு. வருடா வருடம் வசந்தத்திலயும், எந்தப் பயணத்துக்கு முன்னாடியும் குரல் சோதனை நடக்கணும். சுருதி சேராதவங்க கேட்கும் உறுப்பினரா மாறிடணும். கேட்கும் உறுப்பினர் பீர் குடிக்கலாம், கைதட்டலாம். பயிற்சிக்கு வரக் கூடாது. இந்த வருடம் இன்னும் சோதனை நடக்கல."

மேஜர் சட்டமிட்ட விதிமுறைகளை நிமிர்ந்து பார்த்தார்.

"சோதிக்கிறவர் யார்?" என்றார் மேஜர்.

"மூத்த முதல் குரல். அவர் தீர்ப்பே முடிவு. வேற யாருக்கும் தீர்ப்புச் சொல்ல உரிமை இல்ல."

"மூத்த முதல் குரல் யார்?"

"நான்தான். மத்தவங்க செத்துட்டாங்க."

பாதிரியார் குதித்தெழுந்தார். "இது அந்தக் காலத்து விதி! மாத்திடலாம்!"

"மாத்தணும்னா பாடும் உறுப்பினர்கள்ல முக்கால்வாசிப் பேர் ஓட்டுப் போடணும். சோதனையில தேறினவங்கதான் பாடும் உறுப்பினர். இன்னும் யாரும் தேறல" என்றார் ஆல்வின்.

"அப்போ சோதனை வேண்டாம்னு விட்டுடலாமே! இங்க யாரு பாட வந்தா?"

சிலர் சிரித்தார்கள். மேஜர் சிரிக்கவில்லை. அவர் முகம் வெளுத்திருந்தது. எழுந்து நின்று, சட்டைப் பொத்தான்களைச் சரிசெய்துகொண்டு பேசினார்.

"கனவான்களே, நாம் போரில் தோற்றோம். நம் மன்னரை இழந்தோம், நிலத்தை இழந்தோம். நம்மிடம் மிஞ்சியிருப்பது ஒழுங்கு ஒன்றுதான். பிடிக்கவில்லை என்பதற்காக ஒரு விதியை மீறத் தொடங்கினால், நாம் என்ன ஆவோம்? கொடுத்த வாக்கைக் காற்றில் விடும் மக்களோடு நமக்கு என்ன வேறுபாடு?"

அவருக்குப் பின்னால் ஐந்து பியானோக்களும் வரிசையாக நின்றன. சோதனை சனிக்கிழமை என்று முடிவாயிற்று.

சனிக்கிழமை ஆல்வின் கறுப்பு அங்கி அணிந்து மேடையில் உட்கார்ந்தார். கையில் இசைக்கவை. அதைத் தட்டிக் காதருகே பிடிப்பார். வந்து நிற்பவர் அந்தச் சுருதியில் ஒரு வரி பாட வேண்டும்.

முதலில் ஷ்னாபெல். அவர் வாயைத் திறந்ததும் வெளியே நின்ற பீர் வண்டிக் குதிரை தானாகவே நடக்கத் தொடங்கியது. பாதிரியார் ஒரே ஸ்வரத்தில் முழு வரியையும் சொல்லி முடித்து, கடைசியில் ஆமென் என்றார். இறைச்சிக் கடைக்காரர் அழுதுவிட்டார். வரிசையாக வந்தார்கள், பாடினார்கள், எதிர்ப்பக்கத்து பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள். யார் விஷயத்திலும் ஆல்வினுக்குப் பொய் சொல்ல வேண்டி வரவில்லை.

மேஜரும் வந்தார். குதிகால்களைச் சேர்த்து நின்றார். பாடினார்.

"என்ன குறை?"

"சுருதி கீழே இறங்குது மேஜர் ஐயா."

"அதாவது, நான் பின்வாங்கினேன்னு சொல்றீங்க."

"கொஞ்சமா."

மேஜரின் மீசை நடுங்கியது. ஆனாலும் திரும்பி, நேராக நடந்து, கேட்கும் உறுப்பினர்களின் பெஞ்சில் முதல் இடத்தில் உட்கார்ந்தார்.

கடைசியாக ஈவால்ட்.

அவன் இசைக்கவையை ஒருமுறைதான் கேட்டான். ஆல்டர் மரத்தைப் பற்றிய பழைய பாட்டை எடுத்தான். அது ஹெர்பெர்ட் பாடும் பாட்டு. பயணத்திலிருந்து விடுபட்டுவிடக் கூடாது என்பதற்காகக் கொட்டகையில் ஒரு வாரமாகப் பாடிப் பழகியிருந்தான். முதல் வரியிலேயே பெஞ்சில் இருந்தவர்கள் தலை நிமிர்ந்தார்கள். இரண்டாம் வரி மேலே ஏறும். அங்கேதான் பலர் தடுக்கி விழுவார்கள். ஈவால்ட் ஏறினான், நின்றான், இறங்கினான். ஷ்னாபெல் கையிலிருந்த பீரைக் குடிக்க மறந்துவிட்டார்.

ஆல்வின் இசைக்கவையை மேஜைமீது வைத்தார். இந்தக் கூடத்தில் இவ்வளவு சுத்தமான குரலை அவர் கேட்டு எட்டு வருடம் ஆகியிருந்தது.

"சுருதி சேரல" என்றார்.

கூடத்தில் முணுமுணுப்பு எழுந்தது. மேஜர் கையை உயர்த்தினார். முணுமுணுப்பு நின்றது.

"முதல் குரலின் தீர்ப்பே முடிவு."

ஈவால்ட் இறங்கி, கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தான். சோதிப்பவரைச் சோதிக்க யாருக்கும் தோன்றவில்லை. சங்கத்தில் இப்போது ஒரு பாடும் உறுப்பினரும் இருநூற்று நாற்பது கேட்கும் உறுப்பினர்களும் இருந்தார்கள்.

வீட்டில் இர்மா உருளைக்கிழங்கு சூப்பை ஊற்றினாள். ஈவால்ட் கரண்டியைத் தொடவில்லை.

"எனக்குச் சுருதி சேர்ந்துது. உங்களுக்கே தெரியும்."

ஆல்வின் சூப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஈவால்ட் எழுந்து போனான்.

"உனக்கு நல்ல காது, ஆல்வின்" என்றாள் இர்மா. அவருக்கு இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

ஆல்வினின் வெற்றி ஒரு வாரம் நீடித்தது.

கேட்கும் உறுப்பினர்கள் பயிற்சிக்கு வரக் கூடாது என்பதுதான் விதி. கச்சேரிக்கு வரக் கூடாது என்று விதியில் இல்லை. மேஜர் இரண்டு இரவு உறங்காமல் இதைக் கண்டுபிடித்திருந்தார். அதன்பின் ஆல்வின் தினமும் கச்சேரி செய்ய வேண்டியதாயிற்று. பாடும் உறுப்பினர் கச்சேரியை மறுக்க முடியாது. அதுவும் விதிதான். அவர் காற்றாலை மேட்டின் உச்சியில் நின்று ஆல்டர் மரப் பாட்டைப் பாடினார். கேட்பவர்கள் அடிவாரத்திலிருந்து தவழ்ந்து, புதருக்குப் புதர் மறைந்து, இரண்டு பக்கமும் வளைத்து அவரை நெருங்கினார்கள். பாட்டு முடிவதற்குள் மேட்டைப் பிடித்துவிட்டார்கள். உச்சிக்கு வந்ததும் எழுந்து நின்று, ஷ்னாபெலின் சைகைக்கு, ஒரே சத்தமாகக் கைதட்டினார்கள்.

ஈவால்ட் எப்போதும் முதலில் வந்து சேர்ந்தான். தகப்பன் முகத்தை மட்டும் அவன் பார்ப்பதில்லை.

"நல்ல ரசிகர்கள்" என்றார் மேஜர்.

மே மாதம் கண்காணிப்புக் குழு வந்தது. குழு என்றால் காப்டன் லாபோர்த் என்ற பிரெஞ்சுக்காரரும் அவருடைய ஓட்டுநரும். காப்டன் களைத்திருந்தார். அந்த வாரத்தில் மட்டும் இரண்டு தீயணைப்புச் சங்கங்களையும் ஒரு மிதிவண்டிச் சங்கத்தையும் பார்த்திருந்தார். எல்லாச் சங்கத்திலும் எல்லோரும் வரிசையில் நின்றார்கள். காப்டன் ஜெர்மன் நன்றாகப் பேசுவார். மேட்டில் நடந்த கச்சேரியைக் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி பார்த்தார்.

"இவங்க ஏன் வயித்துல படுத்துக் கேக்கறாங்க?"

"எங்க ஊர்ல இசைக்குக் காட்டற மரியாதை அது" என்றார் மேஜர்.

"உட்கார்ந்து கேக்கலாமே."

"உட்கார்ந்தா குண்டு..." மேஜர் இருமினார். "குண்டா இருக்கிறவங்க பின்னாடி இருக்கிறவங்களை மறைச்சிடுவாங்க."

காப்டன் தலையாட்டினார். பிறகு நடனக் கூடத்துக்குப் போனார்கள். அவர் ஐந்து பியானோக்களையும் பார்த்து நின்றார். ஷ்னாபெல் கதவருகே வந்து நின்றுகொண்டார்.

"அஞ்சு பியானோ எதுக்கு?"

"நாங்க இசைப் பைத்தியங்கள்."

காப்டன் ஒன்றின் மூடியில் கைவைத்தார். பிறகு எடுத்துவிட்டார்.

"என் அதிகாரம் ஆயுதங்களுக்கு மட்டும்தான். மரச்சாமான், இசைக்கருவி எல்லாம் போர் இழப்பீடு வசூலிக்கிற குழுவோட பொறுப்பு. அவங்க எங்க மேஜையைத் தொட்டா எங்களுக்குப் பிடிக்காது. நாங்க அவங்க பியானோவைத் தொடறது முறையில்ல."

மேஜர் அவரை முதன்முறையாக மரியாதையோடு பார்த்தார். இவரும் விதி தெரிந்த மனிதர்.

கிளம்பும் முன் காப்டன் ஆல்வினைத் தனியாக ஓரத்துக்கு அழைத்தார். அவர் கண்கள் முட்டாளின் கண்கள் அல்ல.

"ஐயா, நீங்க மட்டும்தான் இங்க பாடறவர். உண்மையைச் சொல்லுங்க. இங்க என்ன நடக்குது?"

ஆல்வின் கூடத்தைப் பார்த்தார். கால்வாய் நினைவுக்கு வந்தது. முன்வரிசையில் ஈவால்ட் நின்றுகொண்டிருந்தான். சொன்னால், சிறைக்குப் போகிற முதல் வரிசையும் அதுதான்.

"நான் பாடறேன். இவங்க கேக்கறாங்க" என்றார்.

காப்டன் பெருமூச்சுவிட்டார். "ஒருத்தர் பாட, இருநூறு பேர் சத்தம்போடாம கேக்கற ஊர். இந்த ஊரைப் பத்திப் பயப்பட ஒண்ணுமில்லேன்னு மேலிடத்துக்குச் சொல்லிடறேன். அவங்களும் அதைத்தான் கேக்க விரும்பறாங்க."

அவர் வண்டி சதுக்கத்தைத் தாண்டியதும் ஆல்வினைத் தோளில் தூக்கிவைத்து ஊர்வலம் போனார்கள். மேஜர் விடுதியின் படியில் நின்று பேசினார்.

"இருபத்தேழு நாடுகள் சேர்ந்து எழுதியதை ஒரு தொண்டை தோற்கடித்தது! இவரைப் போல இன்னும் பத்து முடிதிருத்துபவர்கள் இருந்தால் நமக்கு வெளியுறவுத் துறையே தேவையில்லை!"

ஆல்வின் மேலிருந்து பார்த்தார். கடை வாசலில் இர்மா நின்றாள். அவள் கைதட்டவில்லை.

ஜூன் முதல் வாரம் தனி ரயில் வந்தது. பாடகர் சங்கங்களின் பயணத்துக்கு ரயில்வே தனி ரயில் தரும். அதில் குறைந்தது ஒரு பாடும் உறுப்பினராவது போக வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. முதல் பெட்டி ஆல்வினுக்கு. பின்னால் கேட்கும் உறுப்பினர்கள். அவர்களுக்கும் பின்னால் பியானோக்கள். தார்ப்பாய் போர்த்திய கீழ்க்குரல் கடைசியில்.

மேகமில்லாத காலை. நிலையத்தில் ஊரே கூடியிருந்தது. பெண்கள் பூங்கொத்தும் தொத்திறைச்சிப் பொட்டலமும் கொடுத்தார்கள். ஈவால்ட் மூட்டையோடு நின்றான். இர்மா அவன் காலரைச் சரிசெய்தாள். சரிசெய்து முடித்த பிறகும் கையை எடுக்கவில்லை. பிறகு ஆல்வினைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. ஏற்கெனவே சொல்லியிருந்தாள்.

ஷ்னாபெல் ஊதுகுழலை வாயில் வைத்தார்.

"ஒரு நிமிஷம். விதி ஏழு" என்றார் ஆல்வின்.

மேஜர் ஜன்னலிலிருந்து தலையை நீட்டினார். "இப்போ என்ன?"

"பயணத்துக்கு முன்னாடி பாடும் உறுப்பினர்களுக்குக் குரல் சோதனை. இன்னும் நடக்கல."

"நீங்க ஒருத்தர்தானே பாடும் உறுப்பினர்?"

"ஆமா. என்னைச் சோதிக்கணும்."

மேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு இறங்கி வந்தார். விதி என்றால் விதி. தொப்பியைக் கழற்றினார். நடைமேடையில் எல்லோரும் கழற்றினார்கள்.

ஆல்வின் அங்கிப் பையிலிருந்து இசைக்கவையை எடுத்து, ரயில் பெட்டியின் இரும்பில் தட்டிக் காதருகே பிடித்தார். சுருதி தெளிவாகக் கேட்டது. அதை நன்றாகக் கேட்டுக்கொண்டு, அதற்குச் சற்றுக் கீழே ஆல்டர் மரப் பாட்டைத் தொடங்கினார்.

அப்படிப் பாடுவது எளிதாக இல்லை. தொண்டை தானாகச் சரியான இடத்துக்குப் போகப் பார்த்தது. ஒவ்வொரு ஸ்வரத்திலும் அதைப் பிடித்துக் கீழே இழுக்க வேண்டியிருந்தது. இரண்டாம் வரி மேலே ஏறும் இடத்தில் குரலை உடைத்தார். ஒரு குழந்தை சிரித்தது. முடிதிருத்தும் கடைக்கு முப்பது வருடமாக வரும் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆல்வின் நிறுத்தவில்லை. மூன்று சரணமும் பாடினார். அவர் வாழ்நாளில் தப்பாகப் பாடியது அதுதான் முதல்முறை. ஊர் முழுக்கக் கேட்டது.

முடித்துவிட்டு இசைக்கவையைப் பையில் போட்டார்.

"சுருதி சேரல" என்றார்.

பாதிரியார் கத்தினார். "வேணும்னே பண்றான்! அவன் குரல் எப்படி இருக்கும்னு நமக்குத் தெரியாதா?"

"நிறுத்துங்க" என்றார் மேஜர். "கேட்கும் உறுப்பினருக்குத் தீர்ப்புச் சொல்ல உரிமை கிடையாது."

"மேஜர் ஐயா, ரயில் நிக்குது! ஆள் இருக்கு! சாமான் இருக்கு!"

"பாடும் உறுப்பினர் இல்லை. நாம இதுல ஏறினா ரயில்வேயை ஏமாத்தின மாதிரி ஆகும்."

நிலைய அதிகாரி தலையசைத்தார். ஷ்னாபெல் ஊதுகுழலை வாயிலிருந்து எடுத்தார். அரை மணி நேரத்தில் ரயில் காலியாகக் கிளம்பிப் போயிற்று. நடைமேடையில் பியானோக்கள் வெயிலில் நின்றன.

ஈவால்ட் மூட்டையை இறக்கிவைக்கவில்லை. தகப்பனையே பார்த்துக்கொண்டிருந்தான். சோதனைக்குப் பிறகு அவன் அவரை நேராகப் பார்த்தது அன்றுதான். இர்மா வந்து மூட்டையின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். மூவரும் சேர்ந்து வீட்டுக்கு நடந்தார்கள். ஆல்வினின் குட்டைக் காலுக்கு ஏற்றபடி ஈவால்ட் மெதுவாக நடந்தான்.

சங்கத்தைக் கலைக்க முடியவில்லை. கலைக்கப் பாடும் உறுப்பினர்களின் வாக்கு வேண்டும். அப்படி யாரும் இல்லை. ஆகவே எல்லோரும் ஆயுள் முழுக்கக் கேட்கும் உறுப்பினர்களாகவே நீடிக்கிறார்கள். ஜூலையில் மேஜர் தேனீ வளர்ப்போர் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். அதன் விதிகளை அவரே எழுதினார். குரல் சோதனை இல்லை. பியானோக்கள் போய், பெரிய தேன்கூட்டுப் பெட்டிகள் வந்தன. முதல் மாதமே முந்நூறு பேர் சேர்ந்தார்கள். ஊரில் ஒரு தேனீகூட இல்லை.

ஒரு வியாழக்கிழமை மேஜர் சவரத்துக்கு வந்தார். ஆல்வின் துண்டைக் கட்டினார், நுரை பூசினார்.

"உங்க பையனைத் தேனீச் சங்கத்துக்கு அனுப்புங்க மாஸ்டர். நல்ல உடம்பு. நல்லா ஓடுவான்."

"அவனையே கேளுங்க."

உள்ளறையில் ஈவால்ட் தரையில் கிடந்த முடியைக் கூட்டிக்கொண்டிருந்தான். "எனக்குத் தேனீ கொட்டினா வீங்கும் மேஜர் ஐயா" என்றான் அங்கிருந்தே. கூட்டுவதைத் தொடர்ந்தான். சற்று நேரத்தில் பாடத் தொடங்கினான். ஆல்டர் மரப் பாட்டு. இரண்டாம் வரியில் ஏறினான், நின்றான், இறங்கினான்.

ஆல்வினின் கத்தி மேஜரின் தாடைக்குக் கீழே நின்றது. மேஜரும் அசையாமல் கேட்டார். பாட்டு முடிந்தது.

"மாஸ்டர், சுருதி சரியா இருக்கே."

"மேஜர் ஐயா, நீங்க கேட்கும் உறுப்பினர்" என்றார் ஆல்வின்.

மேஜர் வாயை மூடிக்கொண்டார். ஆல்வின் மறுகன்னத்தைச் சவரம் செய்யத் தொடங்கினார்.